காற்றின் ஆற்றல் கடல் நீரோட்டத்துக்குள் போவது எப்படி: ஒரு மீன் தொட்டி, ஒரு டேபிள் ஃபேன், முழுமையான வழிகாட்டி

பாம்பன் பாலத்துக்குத் தெற்கே ஒரு ஆடி மாதக் காலையில், கரையில் இழுத்துப் போட்டிருந்த நாட்டுப்படகில் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். கச்சான் காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது, வேட்டியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. "காத்து போற பக்கந்தானேய்யா தண்ணியும் போகும்?" என்று கேட்டேன். "காத்து ஒரு பக்கம் போகும், நீவாடு ஒரு பக்கம் போகும் தம்பி. ரெண்டையும் சேத்துப் பாத்தாத்தான் வலை போட முடியும்" என்றார்.

நீவாடு என்றால் நீரோட்டம். மதுரைக்குத் திரும்பும் பஸ் முழுக்க அந்த வாக்கியம் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன். "காற்று வீசுகிறது, கடல் நீர் நகர்கிறது" என்று ஒரே வரியில் பல வருஷமாகச் சொல்லி வந்திருக்கிறேன். பாடத்தில் இருப்பதும் அந்த ஒரு வரிதான். ஆனால் அந்த ஒரு வரிக்குள் எட்டு ஒன்பது படிகள் இருக்கின்றன, ஒவ்வொரு படியிலும் ஆற்றலில் பெரும் பங்கு வழியிலேயே கரைந்துவிடுகிறது, மிச்சம் கொஞ்சம் மட்டும் அடுத்த படிக்குப் போகிறது. அந்தக் கொஞ்சம்தான் உலகக் கடல்களையே ஓட்டுகிறது. அதை மதுரையில் வீட்டுக்குள்ளேயே ஒரு பகுதி செய்து பார்த்து, மீதியைக் கணக்குப் போட்டுப் புரிந்துகொள்ள முடியும்.

முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

இரண்டடி நீளமுள்ள மீன் தொட்டி ஒன்று. தொட்டி இல்லையென்றால் ஒளி புகும் நீளமான பிளாஸ்டிக் டப்பா போதும். ஒரு டேபிள் ஃபேன். மருந்துக்கடையில் கிடைக்கும் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கொஞ்சம் (கையிலும் துணியிலும் கறை பிடிக்கும், பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள்). பஞ்சிங் மெஷினில் விழும் காகிதப் பொட்டுகள், ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய், ஒரு அட்டை, ஒரு குண்டூசி, ஸ்கேல், பேனா.

தொட்டியை விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழ் வரை நிரப்புங்கள். குறைவாக நிரப்பினால் கண்ணாடிச் சுவரே காற்றை மறைத்துவிடும், சோதனை வராது. ஃபேனைத் தனி ஸ்டூலில், தொட்டியின் குறுகிய பக்கத்துக்கு ஓரடி தள்ளி வையுங்கள். வயரும் பிளக்கும் தண்ணீர்ப் பக்கம் வரவே கூடாது, ஈரக் கையால் சுவிட்சைத் தொடக் கூடாது. பிள்ளைகள் செய்தால் பெரியவர் ஒருவர் கூட இருங்கள்.

படி 1: காற்று நீரைப் பிடிக்கும் இடத்தைப் பாருங்கள்

ஃபேனைக் குறைந்த வேகத்தில் போட்டு, காற்று நீரின் மேல் வழுக்கிக்கொண்டு போகும்படி லேசாகச் சாய்த்து வையுங்கள். முதலில் பொடிச் சுருக்கங்கள் தெரியும். இந்தச் சுருக்கங்கள்தான் காற்றுக்குக் கைப்பிடி. வழவழவென்று இருக்கும் நீர்ப்பரப்பில் காற்றுக்குப் பற்றிக்கொள்ள அதிகம் ஒன்றும் இல்லை, சுருக்கம் விழுந்ததும் ஒவ்வொரு சுருக்கத்தின் முதுகையும் காற்று தள்ளுகிறது, முன்பக்கத்தில் அழுத்தம் குறைகிறது, இந்த அழுத்த வித்தியாசத்தால் சுருக்கம் இன்னும் வளர்கிறது. அலை முகடுக்கும் அலை முகடுக்கும் இடையே ஏறக்குறைய 1.7 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் நீரின் பரப்பு இழுவிசைதான் அலையை ஆளுகிறது, அதற்கு மேலே போனால் புவியீர்ப்பு ஆளத் தொடங்குகிறது. இந்த வளர்ச்சியை விளக்க 1957-ல் ஓவன் பிலிப்ஸ், ஜான் மைல்ஸ் என்ற இருவர் தனித்தனியே கொடுத்த இரண்டு விளக்கங்களும் இன்றும் அடிப்படையாக இருக்கின்றன.

இப்போது ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். அது பரவிய இடத்தில் பொடிச் சுருக்கங்கள் அடங்கிப் பரப்பு கண்ணாடி மாதிரி ஆகிவிடும். பெஞ்சமின் பிராங்க்ளின் லண்டனில் கிளாப்பம் குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஊற்றி அரை ஏக்கர் பரப்பை அடக்கிக் காட்டி, 1774-ல் அதைப் பற்றி எழுதினார். அதே காற்று, அதே நீர், கைப்பிடி மட்டும் போய்விட்டது.

தொட்டியைக் கழுவி, வேறு தண்ணீர் நிரப்புங்கள். எண்ணெய் இருந்தால் அடுத்த சோதனை கெட்டுப்போகும்.

படி 2: மேலே ஒரு திசை, கீழே ஒரு திசை

காகிதப் பொட்டுகளை ஃபேன் பக்கம் தூவுங்கள், அவை எதிர்ப்பக்கம் நகரும். அப்புறம் பெர்மாங்கனேட் துகள் ஒன்றை நடுவில் போடுங்கள். அது அடியில் போய் விழும்போது ஊதா நிறத்தில் ஒரு செங்குத்துக் கோடு விட்டுச் செல்லும். அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருங்கள். கோட்டின் மேல் நுனி காற்றுப் போகும் பக்கம் சாயும், கீழ்ப்பகுதி மெதுவாக ஃபேன் பக்கம் திரும்பி வரும்.

என் வகுப்புப் பிள்ளைகள் இதைப் பார்த்ததும் ஒரு கணம் பேசாமல் நின்றுவிட்டார்கள். எதிர்ச்சுவரில் நீர் கொஞ்சம் குவிகிறது, அந்த மேடு கீழே இருக்கும் நீரைத் திருப்பி அனுப்புகிறது. காற்று தொடாத ஆழத்து நீரை, காற்று குவித்த மேடு நகர்த்துகிறது. இந்த ஒரு காட்சியை மறக்காதீர்கள், 6-ம் படியில் இதுதான் கடலளவு பெரிதாகி வரும்.

படி 3: தள்ளும் விசையைக் கணக்குப் போடுங்கள்

காற்று நீரை எவ்வளவு அழுத்தித் தேய்க்கிறது என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு: காற்றின் அடர்த்தி (கன மீட்டருக்கு 1.2 கிலோ), அதோடு ஒரு இழுவை எண் (ஏறக்குறைய 0.0013), அதோடு காற்று வேகத்தின் வர்க்கம். நொடிக்கு 10 மீட்டர் காற்றுக்கு, அதாவது மணிக்கு 36 கிலோமீட்டருக்கு, சதுர மீட்டருக்குச் சுமார் 0.15 நியூட்டன் வருகிறது. 15 கிராம் எடையை ஒரு சதுர மீட்டர் முழுக்கப் பரப்பிப் பக்கவாட்டில் இழுத்த மாதிரி, அவ்வளவுதான்.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லும் ஊரில் இது ரொம்பச் சின்னதாகத் தெரியும். ஆனால் பரப்பைப் பாருங்கள். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் ஏறக்குறைய 300 மீட்டருக்கு 290 மீட்டர். குளம் நிரம்பியிருக்கும்போது இதே காற்று அடித்தால் மொத்த விசை 1.3 டன் எடைக்குச் சமம். அந்த விசை நீரைக் கிழக்குக் கரையில் குவிக்கும், எவ்வளவு என்றால், 3 மீட்டர் ஆழத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவு, கண்ணுக்கே தெரியாது. குப்பையும் இலையும் கிழக்குப் படிக்கட்டில் ஒதுங்குவதை வைத்துத்தான் காற்று வேலை செய்திருப்பது தெரியும். இதே காற்று சுமார் 10 மீட்டரே ஆழமான பாக் நீரிணையின் மேல் 100 கிலோமீட்டர் தூரம் வீசினால் குவியும் மேடு 15 சென்டிமீட்டர். புயற்காற்று என்றால் வேகத்தின் வர்க்கம் என்பதால் பல மடங்கு. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை ரயிலோடு சேர்த்து விழுங்கிய நீர், பெரும்பகுதி இப்படிக் காற்று குவித்துத் தள்ளிய நீர்தான்.

வர்க்கம் என்பதை லேசாக விட்டுவிடாதீர்கள். நாள் முழுக்க நொடிக்கு 5 மீட்டர் வீசுவதும், அரை நாள் 10 மீட்டர் வீசி அரை நாள் நின்றுவிடுவதும் சராசரியில் ஒன்றுதான், ஆனால் நீருக்குக் கிடைக்கும் தள்ளு இரண்டாவதில் இரண்டு மடங்கு. சராசரிக் காற்றை வைத்துக் கணக்குப் போட்டால் விடை தப்பாக வரும் என்பது இதனால்தான்.

படி 4: விசை வேறு, ஆற்றல் வேறு

முழு வழிகாட்டியிலும் இதுதான் உயிர், நிதானமாகப் படியுங்கள்.

சித்திரைத் திருவிழாவில் மாசி வீதியில் தேர் நிற்கும்போது ஆயிரம் பேர் வடத்தைப் பிடித்து இழுக்கிறார்கள். தேர் அசையாத வரை எவ்வளவு இழுத்தாலும் தேருக்குள் ஒரு துளி ஆற்றலும் போகவில்லை, எல்லாம் இழுப்பவர் உடம்பிலேயே வியர்வையாகிறது. தேர் நகரத் தொடங்கிய பிறகுதான், இழுக்கும் விசை பெருக்கல் தேரின் வேகம் என்ற அளவுக்கு ஆற்றல் உள்ளே போகிறது. தேர் பின்னால் உருளும்போது முன்னால் இழுத்தால், தேரிடமிருந்து ஆற்றலைப் பிடுங்குகிறோம் என்று அர்த்தம்.

காற்றும் நீரும் அப்படியே. கடல் நீரோட்டத்துக்குக் காற்று தரும் திறன் என்பது காற்றின் விசையையும், அந்த விசையின் திசையில் நீர் நகரும் வேகத்தையும் பெருக்கி வருவது. காற்றின் வேகம் இந்தக் கணக்கில் நேரடியாக வராது, நீரின் வேகம்தான் வரும்.

எண்களைப் போட்டுப் பாருங்கள். 10 மீட்டர் வேகக் காற்று 0.15 நியூட்டன் விசையில் தேய்க்கும்போது காற்று இழப்பது சதுர மீட்டருக்கு 1.5 வாட். நீரின் மேற்பரப்பு காற்றின் வேகத்தில் சுமார் 3 சதவீதத்தில், அதாவது நொடிக்கு 30 சென்டிமீட்டரில் நகர்கிறது, ஆகவே அதற்குப் போவது 0.045 வாட். ஆழம் வரை சேர்ந்து ஓடும் நிலையான நீரோட்டத்தின் வேகம் நொடிக்கு 10 சென்டிமீட்டர் என்றும், அது காற்றின் திசையிலேயே ஓடுகிறது என்றும் வைத்துக்கொண்டால், அதற்குப் போவது 0.015 வாட். நூறில் ஒரு பங்கு. மீதி எங்கே? ஒரு பகுதி அலைகளாகிறது, ஒரு பகுதி காற்றிலேயே சுழன்று வெப்பமாகிவிடுகிறது. அதே நீரோட்டம் காற்றுக்கு எதிராக ஓடினால் 0.015 வாட் நீரிலிருந்து வெளியே போகும். குறுக்கே ஓடினால் பூஜ்யம். எவ்வளவு பலமான காற்றாக இருந்தாலும் பூஜ்யம்தான்.

இன்னொரு நுணுக்கம். காற்று உண்மையில் தேய்ப்பது தன் வேகத்துக்கும் நீரின் வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்தால். கடலில் 100 கிலோமீட்டர் அளவில் சுழன்றுகொண்டிருக்கும் ஒரு பெரிய நீர்ச்சுழலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் நீர் காற்றோடு போகிறது, அங்கே வித்தியாசம் குறைவு, ஆகவே காற்று தருவது குறைவு. மறுபக்கம் நீர் காற்றை எதிர்த்து வருகிறது, அங்கே வித்தியாசம் அதிகம், ஆகவே காற்று பிடுங்குவது அதிகம். கூட்டிக் கழித்தால் சுழலுக்கு நஷ்டம்தான். காற்று பெரிய நீரோட்டத்தை ஓட்டிக்கொண்டே சுழல்களுக்குப் பிரேக் போடுகிறது. இதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் கடலுக்குள் போகும் ஆற்றலை அதிகமாக மதிப்பிட்டுவிடுவோம்.

படி 5: அலைக்குப் போன பங்கைப் பின்தொடருங்கள்

உலகம் முழுக்கக் காற்று அலைகளுக்குக் கொடுக்கும் திறன் சுமார் 60 டெராவாட் என்பது கணிப்பு. கூடங்குளத்தின் ஒரு அணு உலை 1,000 மெகாவாட். ஒரு டெராவாட் என்பது அப்படி ஆயிரம் உலைகள். அப்படியானால் அலைக்கு அறுபதாயிரம் உலைகள்! இவ்வளவும் போய், பெரும்பகுதி அலை உடைந்து நுரையாகும் இடத்திலேயே, மேல் சில மீட்டர் நீரிலேயே, கலக்கமாகவும் கொஞ்சம் வெப்பமாகவும் முடிந்துவிடுகிறது.

ஆனாலும் அலை வீண் இல்லை. அலை உடையும்போது அது சுமந்துவந்த உந்தத்தை நீரோட்டத்துக்குக் கொடுத்துவிட்டுத்தான் உடைகிறது. அதோடு, அலையில் நீர்த்துளி வட்டமாகச் சுற்றி அதே இடத்துக்கு வருவதாகச் சொல்வோம், சரியாக அதே இடத்துக்கு வராது, ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் முன்னே தள்ளி நிற்கும். ஸ்டோக்ஸ் என்ற கணித அறிஞர் 1847-லேயே இதைக் கணக்கிட்டார். இந்த நகர்வும் காற்றின் இழுப்பும் சேரும்போது, காற்றுத் திசைக்கு இணையாக நீளமான உருளைகள் மாதிரி நீர் சுழலத் தொடங்கும், பக்கத்துப் பக்கத்து உருளைகள் எதிரெதிராகச் சுற்றும், நுரையும் பாசியும் அவற்றுக்கு இடையே வரிசை வரிசையாகச் சேரும். அமெரிக்க விஞ்ஞானி இர்விங் லாங்முயர் 1927-ல் அட்லாண்டிக்கைக் கப்பலில் கடக்கும்போது கடற்பாசி வரிசைகளைப் பார்த்துவிட்டு, ஊருக்குத் திரும்பி ஒரு ஏரியில் ஆராய்ந்து 1938-ல் எழுதினார். காற்றடிக்கும் நாளில் வைகை அணைக்குப் போனால் கரை மேலிருந்து நீர்ப்பரப்பைக் கவனியுங்கள், நுரை கோடு போட்டு நிற்பது தெரிந்தால் அது இந்த உருளைகளின் வேலைதான். மேற்பரப்பில் கிடைத்ததைக் கீழே இறக்கிக் கலக்குவதில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு.

படி 6: பூமி சுற்றுவதைச் சேருங்கள்

அட்டையை வட்டமாக வெட்டி நடுவில் குண்டூசி குத்துங்கள். ஒருவர் அட்டையை இடஞ்சுழியாக, மெதுவாகச் சுற்ற, இன்னொருவர் ஸ்கேலை அசையாமல் பிடித்து, நடுவிலிருந்து வெளியே நேர்கோடு இழுக்கட்டும். அட்டையில் விழுவது வலப்பக்கம் வளைந்த கோடு. வடதுருவத்துக்கு மேலிருந்து பார்த்தால் பூமி சுற்றுவதும் இடஞ்சுழிதான், அதனால் வட அரைக்கோளத்தில் ஓடும் நீர் எல்லாம் வலப்பக்கம் விலகப் பார்க்கிறது. இந்த விலக்கும் விசை திசையை மட்டும் மாற்றும், ஆற்றல் கொடுக்காது, எடுக்காது.

நம் தொட்டியிலும் தெப்பக்குளத்திலும் இது தெரியாது, ஏனென்றால் இதற்கு நேரம் வேண்டும். மதுரை அட்சரேகையில், 9.9 பாகையில், கடலில் தடையின்றி நகரும் நீர் இப்படி வளைந்து வளைந்து ஒரு முழு வட்டம் அடிக்க 70 மணி நேரம் ஆகும். சென்னைக்கு நேரே 53 மணி. பூமத்திய ரேகையில் விலகலே இல்லை.

நார்வே ஆய்வாளர் நான்சென் 1893-ல் ஃபிராம் கப்பலைப் பனியில் உறையவிட்டு ஆர்க்டிக்கில் மிதந்தபோது, பனிக்கட்டி காற்றின் திசையில் போகாமல் 20 முதல் 40 பாகை வலப்பக்கம் விலகிப் போவதைக் குறித்துவைத்தார். அதை எக்மன் என்ற ஸ்வீடன் இளைஞர் கணக்காக்கி 1905-ல் வெளியிட்டார். மேல் அடுக்கு காற்றுக்கு வலப்பக்கம் விலகுகிறது, அது தனக்குக் கீழ் அடுக்கை இழுக்கிறது, அது இன்னும் வலப்பக்கம் விலகுகிறது, இப்படிச் சுழல்படி மாதிரி இறங்கிப்போய் சில பத்து மீட்டரில் அடங்கிவிடுகிறது. எல்லா அடுக்கையும் கூட்டினால் நீர் மொத்தமாக நகர்வது காற்றுக்கு நேர் செங்குத்தாக, வலப்பக்கம்.

இதன் அளவு எவ்வளவு என்று பார்க்கலாம். நம் அட்சரேகையில் 10 மீட்டர் வேகக் காற்று, கரையை இடப்பக்கம் வைத்துக்கொண்டு 100 கிலோமீட்டர் கரைக்கு இணையாக வீசினால், கரையை விட்டு விலகும் நீர் நொடிக்கு ஏறக்குறைய 6 லட்சம் கன மீட்டர். வைகை அணையின் முழுக் கொள்ளளவு ஏறக்குறைய 17 கோடி கன மீட்டர். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு வைகை அணை! அந்த நீர் போன இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த, சத்து நிறைந்த நீர் மேலே வருகிறது. தென்மேற்குப் பருவத்தில் கேரளக் கரையில் இது நடக்கிறது, மத்தி மீன் பெருகுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சரி, நீர் செங்குத்தாகப் போனால் 4-ம் படியின்படி ஆற்றல் எப்படி உள்ளே போகும்? இங்கேதான் தொட்டியில் பார்த்த மேடு திரும்ப வருகிறது. வட அட்லாண்டிக், வட பசிபிக் மாதிரி பெரிய கடல்களில் தெற்கே கிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்று, வடக்கே மேற்கிலிருந்து வீசும் காற்று. இரண்டுக்கும் வலப்பக்கம் என்பது கடலின் நடு. இரண்டு பக்கமும் நீரை நடுவே தள்ள, நடுவில் ஒரு மீட்டர் அளவு உயரத்துக்கு மேடு எழுகிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர், கப்பலில் போனால் தெரியாது, 1992-க்குப் பிறகு செயற்கைக்கோள்கள் இதைத் தொடர்ந்து அளந்துவருகின்றன. மேலே ஒரு மீட்டர் மேடு என்றால், கீழே வெதுவெதுப்பான நீரின் அடிமட்டம் பல நூறு மீட்டர் கீழே அமுங்கியிருக்கும், மேல் நீருக்கும் கீழ் நீருக்கும் அடர்த்தி வித்தியாசம் அவ்வளவு குறைவு.

மேட்டிலிருந்து நீர் வழிந்து இறங்கப் பார்க்கிறது, பூமியின் சுழற்சி அதை வலப்பக்கம் திருப்புகிறது, கடைசியில் நீர் மேட்டை வலஞ்சுழியாகச் சுற்றி ஓடுகிறது, கோயிலைப் பிரதட்சிணம் வருவது மாதிரி. அப்படிச் சுற்றும்போது தெற்கே அது மேற்கு நோக்கிப் போகிறது, வடக்கே கிழக்கு நோக்கிப் போகிறது. காற்றின் திசையும் இரண்டு இடத்திலும் அதுவேதான்! நீரோட்டம் காற்றின் திசையில் ஓடுகிறது, ஆகவே ஆற்றல் உள்ளே போகிறது. இதையே வேறு விதமாகவும் சொல்லலாம்: மேல் அடுக்கு நீரைக் காற்று மேட்டின் மேலே ஏற்றுகிறது, ஏற்றிய வேலை மேட்டில் நிலை ஆற்றலாகச் சேர்கிறது. இரண்டு கணக்கும் ஒரே விடையைத் தரும். எனக்கு இந்த இடம் புரிந்த ராத்திரி தூக்கமே வரவில்லை.

இந்தச் சுழற்சி ஏன் மேற்குக் கரையில் மட்டும் குறுகி வேகமெடுக்கிறது என்பது தனிக் கதை, அதை ஸ்வெர்ட்ரப் 1947-லும் ஸ்டோமெல் 1948-லும் மங்க் 1950-லும் என மூன்று கடலியலாளர்கள் படிப்படியாக அவிழ்த்தார்கள். பூமி உருண்டை என்பதால் விலகல் வடக்கே போகப் போகக் கூடுகிறது, அந்த ஏற்றத்தாழ்வுதான் காரணம் என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 7: எந்தக் கடல் அதிகம் வாங்குகிறது

கடலியலாளர் கார்ல் வுன்ஷ் 1998-ல் செயற்கைக்கோள் அளவுகளை வைத்துக் காற்றின் விசையையும் நீரின் வேகத்தையும் இடத்துக்கு இடம் பெருக்கிப் பார்த்தார். உலகக் கடல்களின் பெரும் நீரோட்டங்களுக்குப் போவது மொத்தம் ஏறக்குறைய 1 டெராவாட். அலைக்கு 60 போன இடத்தில் இதற்கு 1. கடல் பரப்பால் வகுத்தால் சதுர மீட்டருக்கு 3 மில்லிவாட் கூட வராது.

அந்த ஒன்றிலும் பெரும்பங்கு அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள தென் பெருங்கடலில் போகிறது. அங்கே மேற்கிலிருந்து காற்று வருஷம் முழுக்க ஓயாமல் வீசுகிறது, நீரோட்டமும் அதே திசையில் ஓடுகிறது, குறுக்கே ஒரு கண்டமும் இல்லை. 0.2 நியூட்டன் விசை, நொடிக்கு 10 சென்டிமீட்டர் வேகம் என்று போட்டாலே சதுர மீட்டருக்கு 20 மில்லிவாட் வருகிறது, உலகச் சராசரியைப் போல ஏழு மடங்கு. அந்த நீரோட்டம் நொடிக்கு 13 முதல் 17 கோடி கன மீட்டர் நீரைக் கொண்டுபோகிறது. வைகை அணை நிரம்ப அதற்கு ஒரு நொடி, மிஞ்சினால் 1.3 நொடி.

படி 8: நம் பக்கத்துக் காற்று

ஆடியில் நம் மொட்டைமாடியில் துணியைப் பறக்கடிக்கும் காற்று எங்கிருந்து வருகிறது என்று பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். கம்பம் பள்ளத்தாக்கு, செங்கோட்டைக் கணவாய் போன்ற மலை இடைவெளிகள், அதற்கு முன் கேரளம், அரபிக்கடல், அதற்கும் முன் சோமாலியக் கரை. ஆண்டிபட்டிப் பக்கமும் ஆரல்வாய்மொழியிலும் காற்றாலைகளைச் சுழற்றும் அந்தக் காற்று, அதற்குச் சில நாள் முன்பே சோமாலியக் கரையில் ஒரு பெரிய வேலையை முடித்துவிட்டு வந்திருக்கிறது. அங்கே பருவக்காற்றுக் காலத்தில் நீரோட்டம் வடகிழக்கு நோக்கி நொடிக்கு 2 மீட்டருக்கும் மேல் ஓடும். குளிர்காலத்தில் வாடைக்காற்று வந்ததும் அதே நீரோட்டம் திசை மாறித் தென்மேற்கே ஓடும். காற்று வருஷத்துக்கு இரண்டு முறை திசை மாறி, கடலும் கூடவே திரும்புவதில் இந்தியப் பெருங்கடல் மாதிரி இன்னொன்று இல்லை.

பூமத்திய ரேகையில் விலகல் இல்லை என்றேன் அல்லவா, அதனால் அங்கே காற்று தள்ளிய பக்கமே நீர் நேராக ஓடுகிறது. ஏப்ரல் மே-யிலும் அக்டோபர் நவம்பரிலும் மேற்கிலிருந்து காற்று வீசும்போது கிழக்கு நோக்கி ஒரு வேக நீரோட்டம் பாயும், கிளாஸ் விர்ட்கி என்ற கடலியலாளர் 1973-ல் விவரித்ததால் அவர் பெயரிலேயே அழைக்கிறார்கள். அது சுமத்ராவில் முட்டி, அந்த முட்டல் ஒரு நீண்ட அலையாகக் கரையை வலப்பக்கம் வைத்துக்கொண்டே, நாளொன்றுக்கு 200 கிலோமீட்டர் போல, வங்கக்கடலைச் சுற்றிச் சில வாரங்களில் நம் கிழக்குக் கரைக்கு இறங்குகிறது.

பாம்பன் பெரியவர் சொன்னது இப்போது விளங்குகிறது. அவர் முகத்தில் அடிக்கும் காற்று இன்றைக்கு, இங்கே வீசுவது. அவர் படகுக்கு அடியில் ஓடும் நீவாட்டில் இன்றைய காற்றின் பங்கு உண்டு, ஏற்றவற்றத்தின் பங்கு உண்டு, சில வாரத்துக்கு முன் எங்கோ பூமத்திய ரேகையில் வீசிய காற்றின் பங்கும் இருக்கலாம். கடல் ஆற்றலை வாங்கிய இடத்திலேயே செலவழிப்பதில்லை.

படி 9: ஃபேனை நிறுத்துங்கள்

கடைசியாக இதைச் செய்யுங்கள். ஃபேனை நிறுத்திவிட்டு, கைபேசியில் ஸ்டாப்வாட்ச் போட்டு, காகிதப் பொட்டுகள் முழுதாக நிற்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். அப்புறம் பாதி நீர் மட்டும் வைத்து, ஃபேனைக் கொஞ்சம் மேலிருந்து சாய்த்து, திரும்பச் செய்யுங்கள். சுருக்கங்கள் உடனே அடங்கும். நீரின் ஓட்டம் அதற்கப்புறமும் நீடிக்கும்.

தொட்டியில் சுவரும் தரையும் தேய்த்து ஓட்டத்தை நிறுத்துகின்றன. கடலில் அது அவ்வளவு சீக்கிரம் நடக்காது. மேட்டில் சேர்ந்த நிலை ஆற்றல் முதலில் 100 கிலோமீட்டர் அளவுச் சுழல்களாக உடைகிறது, சுழல்கள் கடல் தரையிலும் கரையிலும் உரசி மெலிகின்றன, ஒரு பங்கு நீருக்குள்ளேயே ஓடும் உள் அலைகளாகி ஆழத்தில் உடைந்து, குளிர் நீரையும் வெதுவெதுப்பான நீரையும் கலக்கிவிட்டு வெப்பமாகிறது. ஆழ்கடலைக் கலக்க ஏறக்குறைய 2 டெராவாட் வேண்டும், பாதியைக் காற்றும் பாதியைக் கடல் ஏற்றவற்றமும் தருகின்றன என்று மங்க், வுன்ஷ் இருவரும் 1998-ல் கணக்கிட்டார்கள். காற்று ஒரேயடியாக நின்றுவிட்டாலும் பெரிய மேடுகள் கரைய ஆண்டுக்கணக்கில் ஆகும்.

சோமாலியக் கரைக்கு அப்பால் ஆடியில் ஒரு மாபெரும் சுழல் பலமாகச் சுற்றுகிறது, குறுக்களவு பல நூறு கிலோமீட்டர். புரட்டாசி முடியும்போது மதுரையில் காற்று விழுந்துவிடும், மொட்டைமாடியில் துணி அசையாமல் தொங்கும், வானம் வடகிழக்குப் பருவத்துக்குத் தயாராகும். அந்தச் சுழல் அப்போதும், காற்று போய்ப் பல வாரம் கழித்தும், ஆடியில் வாங்கியதை வைத்துக்கொண்டு அங்கே சுற்றிக்கொண்டிருக்கும்.